எக்ஸிமா உள்ள குழந்தைக்கு அலர்ஜி எப்படி வருகிறது? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் தோல் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டரிடம் கிடைக்கும் ஐந்து நிமிடம் க்ரீம் பெயரையும் அடுத்த தேதியையும் கேட்பதற்குள் முடிந்துவிடும், மிச்சமிருக்கும் சந்தேகமெல்லாம் வெளியே வந்த பிறகுதான் என்னிடம் வரும். அம்மா, அப்பா, பாட்டி என்று யார் கேட்டாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் குழந்தையைப் பார்க்கும் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள், அவர் குழந்தையை நேரில் பார்த்திருக்கிறார்.

கரப்பான்னா அலர்ஜிதானே சிஸ்டர்? ரெண்டும் வேறயா?

வேறு. நாம் கரப்பான் என்று சொல்லும் எக்ஸிமாவில் தோலின் காப்பு பலவீனமாகி, ஈரம் வெளியே போய், தோல் வறண்டு அரிக்கும். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் வரும், வளர வளர முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து என்று இடம் மாறும். படங்களில் செக்கச்செவேலென்று காட்டுவார்கள். மாநிறமோ கறுப்போ ஆன நம் குழந்தைகளின் தோலில் அது சாம்பல் நிறமாகவோ அடர் பழுப்பாகவோ, சில சமயம் வெறும் சொரசொரப்பாகவோதான் தெரியும். சிவக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

அலர்ஜி என்பது முட்டை, பால், தூசி மாதிரி தீங்கில்லாத ஒன்றை உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிரியாக நினைத்துத் தாக்குவது. எக்ஸிமா உள்ள குழந்தைக்கு அலர்ஜி வரும் வாய்ப்பு அதிகம்தான், ஆனால் பல குழந்தைகளுக்கு எந்த உணவு அலர்ஜியும் இல்லாமல் எக்ஸிமா மட்டும் இருக்கும்.

ஏதோ சாப்பாடு ஒத்துக்காமத்தான் தோல்ல வருது, அதைக் கண்டுபிடிச்சு நிறுத்திட்டா சரியாயிடும்ல?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கதை தலைகீழ். முதலில் தோல் கெடுகிறது, அந்தக் கெட்ட தோல் வழியாக உணவுக்கு அலர்ஜி உருவாகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஹெல்த்நட்ஸ் என்ற பெரிய ஆய்வில் ஒரு வயதுக் குழந்தைகளுக்கு உணவைக் கொடுத்தே சோதித்தார்கள். எக்ஸிமா இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வேர்க்கடலை, முட்டை, எள் இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு அலர்ஜி இருந்தது. எக்ஸிமா இல்லாதவர்களில் 25 பேரில் ஒருவருக்குத்தான். எக்ஸிமா எவ்வளவு சீக்கிரம் வந்ததோ, எவ்வளவு கடுமையாக இருந்ததோ, அந்த அளவுக்கு அலர்ஜி வாய்ப்பும் கூடியது.

சில கைக்குழந்தைகளுக்கு ஒரு குறிப்பிட்ட உணவு எக்ஸிமாவைக் கிளப்பிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் ஒழுங்காக மருந்து போட்டும் அடங்காத எக்ஸிமாவில்தான் டாக்டர்கள் அந்தப் பக்கம் யோசிப்பார்கள். க்ரீமையே சரியாகப் போடாமல் பாலை நிறுத்துவதில் பயன் இல்லை.

தோல் வழியா எப்படி சாப்பாட்டு அலர்ஜி வரும்? நம்பவே முடியலையே.

தோலின் மேலடுக்கை இறுக்கமாகக் கட்டிவைக்கும் புரதங்களில் ஒன்றின் பெயர் ஃபிலாக்ரின். இதற்கான மரபணுவில் குறை இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். மரபணுக் குறை இல்லாவிட்டாலும், வீக்கமும் சொறிதலும் சேர்ந்து அதே ஓட்டையைப் போட்டுவிடும். கிழிந்த கொசுவலைக்குள் கொசு நுழைகிற மாதிரி, வீட்டில் மிதக்கும் வேர்க்கடலைத் தூள், முட்டைப் புரதம், தூசிப் பூச்சியின் கழிவு எல்லாம் உள்ளே போகின்றன. புண்ணான தோல் ஏற்கெனவே ஆபத்து என்று கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும் இடம். அங்கே வந்து சேர்கிற புதுப் புரதத்தை எதிர்ப்புச் சக்தி எதிரியாகக் குறித்து, அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். இதைத்தான் சென்சிடைசேஷன் என்கிறார்கள். அதே புரதம் வாய் வழியாக, குடல் வழியாக முதலில் போயிருந்தால் இது சாப்பாடு என்று உடம்பு பழகிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக் என்ற டாக்டர் முன்வைத்த கருத்து இது.

நம்ப முடியவில்லை என்றால் இரண்டு சம்பவங்கள். பிரிட்டனில் ஏவன் பகுதிக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்பைத் தோலில் போட்ட குழந்தைகளிடம் வேர்க்கடலை அலர்ஜி கூடுதலாக இருந்தது. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் 2000 பேருக்கு மேல் கோதுமை அலர்ஜி வந்து, 2011இல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை பிரச்சினையில்லாமல் நூடுல்ஸும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள்.

அப்போ கடலை மாவு, பயத்தம் மாவு போட்டுக் குளிப்பாட்டறோமே, அது?

எக்ஸிமா உள்ள தோலில் வேண்டாம். நலங்கு மாவு, கடலை மாவு, பாலாடை, பாதாம் எண்ணெய், ஆட்டுப்பால் சோப்பு எல்லாமே உணவிலிருந்து வந்தவை, அவற்றில் இருக்கும் புரதம் முன் பதிலில் சொன்ன ஓட்டை வழியாகப் போகக்கூடியது. கடலை மாவுக் குளியலால் இத்தனை குழந்தைகளுக்கு அலர்ஜி வந்தது என்று கணக்கு எதையும் உங்களிடம் காட்டப்போவதில்லை. ஆனால் நம் நாட்டில் கொண்டைக்கடலைக்கும் பருப்புகளுக்கும் அலர்ஜி உள்ளவர்கள் இருக்கிறார்கள், வெடித்த தோலில் அதைத் தேய்ப்பதால் ஒரு நன்மையும் இல்லை. மாவின் சொரசொரப்பே அரிப்பைக் கூட்டும். பாட்டி மனம் நோகாமல் சொல்ல வேண்டுமென்றால், புண் ஆறும் வரைக்கும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா? ஆலிவ் ஆயில் நல்லதுன்னு சொல்றாங்களே?

ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைக் கெடுக்கிறது என்று பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது, அதைத் தவிருங்கள். கடுகெண்ணெயும் எரிச்சல் தரும். சுத்தமான தேங்காய் எண்ணெய் லேசான எக்ஸிமாவுக்கு நல்ல பலன் தந்ததாக ஆய்வு இருக்கிறது, ஒத்துக்கொள்ளும் குழந்தைக்குத் தடவலாம். ஆனால் எண்ணெய் மட்டும் போதாது. வாசனை சேர்க்காத, கெட்டியான மாய்ஸ்சரைசர் தேவை. வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடத்தில் குளியலை முடித்து, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் தடவ வேண்டும்.

க்ரீமை எடுக்கும் முன் கையைக் கழுவுங்கள். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கு அது பெரிய ஆதங்கம். தோசைக்கு வேர்க்கடலைச் சட்னி அரைத்த கையோடு, முட்டை உடைத்த கையோடு குழந்தைக்குக் க்ரீம் தேய்த்தால் அந்தப் புரதத்தையும் சேர்த்துத்தான் தேய்க்கிறோம். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள், அல்லது பம்ப் வைத்த பாட்டில் வாங்குங்கள்.

ரிப்போர்ட்ல முட்டை, பால், கோதுமைக்கு பாசிட்டிவ்னு இருக்கு. அப்போ இதெல்லாம் அலர்ஜிதானே?

இல்லை. உடம்பு அந்தப் பொருளுக்கு ஐஜிஇ தயாரித்து வைத்திருக்கிறது என்று மட்டும்தான் ரிப்போர்ட் சொல்கிறது. சாப்பிட்டதும் காணாக்கடி, வாந்தி, இளைப்பு என்று ஏதாவது வந்தால்தான் அது அலர்ஜி. எக்ஸிமா குழந்தைகளுக்கு இப்படி வெறும் பாசிட்டிவ் வருவது சர்வசாதாரணம்.

நம் பக்கத்து மாநிலத்திலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. கர்நாடகாவில் பெங்களூரு, மைசூரு பகுதிகளில் பெரியவர்களைச் சோதித்தபோது 26.5 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் உணவுக்கு ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தது. உண்மையில் உணவு அலர்ஜி இருக்கக்கூடும் என்று தெரிந்தவர்கள் 1.2 சதவீதம்தான். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து உணவை நிறுத்தியிருந்தால் எத்தனை பேர் காரணமில்லாமல் பட்டினி கிடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

டோட்டல் ஐஜிஇ ஆயிரத்துக்கு மேல இருக்கு சிஸ்டர், தூக்கமே வரல.

தூங்குங்கள். எக்ஸிமா கடுமையாக இருக்கும் குழந்தைக்கு மொத்த ஐஜிஇ ஏறுவது இயல்பு, அது எந்தப் பொருளுக்கு அலர்ஜி என்று சொல்லாது. வயிற்றுப் புழு இருந்தாலும் ஏறும்.

நூறு பொருளுக்கு ஒரே ரத்தத்துல டெஸ்ட் பண்றாங்களாம், ஆஃபர்ல இருக்கு. எடுத்துடலாமா?

வேண்டாம். காரணம் முந்தைய இரண்டு பதில்களில் இருக்கிறது. நூறு பொருளைச் சோதித்தால் நாலைந்தாவது பாசிட்டிவ் வரும், அன்று மாலையே வீட்டில் நாலைந்து உணவு நின்றுவிடும். எதைச் சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது என்ற கதையை வைத்து, சந்தேகமுள்ள ஒன்றிரண்டை மட்டும் சோதிப்பதுதான் சரியான முறை. ஐஜிஜி என்று ஜியில் முடியும் டெஸ்டை விற்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். நாம் ஒன்றைச் சாப்பிடுகிறோம் என்பதற்கான அடையாளம்தான் அது, அலர்ஜிக்கான ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் சங்கம் 2008இலேயே சொல்லிவிட்டது.

தோல்ல குத்திப் பார்க்கறதும், முதுகுல பட்டை ஒட்டறதும் ஒண்ணா?

வேறு வேறு. குத்திப் பார்க்கும் டெஸ்ட் உடனடி அலர்ஜிக்கானது. 15 நிமிடத்தில் தடிப்பு 3 மில்லிமீட்டராவது வந்தால் பாசிட்டிவ். நெகட்டிவ் என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம், பாசிட்டிவை அப்படியே நம்ப முடியாது. செட்ரிசின் மாதிரி அலர்ஜி மருந்துகளைச் சில நாட்கள் முன்பே நிறுத்த வேண்டும், எத்தனை நாள் என்று டெஸ்ட் எடுக்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டை ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்ப்பது வேறொரு அலர்ஜிக்கு, அதில் ஐஜிஇக்கு வேலை இல்லை. வாசனைப் பொருள், அரைஞாண், கொலுசில் கலந்திருக்கும் நிக்கல், நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த களிம்பு மாதிரி தோலில் படும் பொருள்கள் அதில் பிடிபடும். எல்லா மருந்தும் போட்டும் ஒரே இடத்தில் எக்ஸிமா அடங்கவில்லை என்றால் இதையும் கேட்டுப் பாருங்கள்.

முட்டை, வேர்க்கடலை எல்லாம் ரெண்டு வயசுக்கு மேல கொடுத்தா பாதுகாப்புதானே?

முன்பு டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். முட்டை 2 வயதுக்குப் பிறகு, வேர்க்கடலை 3 வயதுக்குப் பிறகு என்று 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் சொன்னது, 2008இல் அதை விலக்கிக்கொண்டது. தள்ளிப்போட்டதால் நன்மை எதுவும் தெரியவில்லை. அதே 2008இல் கிடியன் லாக் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள். பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடம் வேர்க்கடலை அலர்ஜி இஸ்ரேலில் இருப்பதைப் போல சுமார் 10 மடங்கு இருந்தது. இஸ்ரேலில் பல் முளைக்கும் வயதிலேயே பம்பா என்ற வேர்க்கடலைத் தின்பண்டத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள், பிரிட்டனில் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அதே குழுவின் லீப் என்ற ஆய்வு வந்தது, முடிவு 2015இல் வெளியானது. கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்த 4 முதல் 11 மாதம் வரையிலான 640 குழந்தைகள். பாதிப் பேருக்கு வாரம் 6 கிராம் வேர்க்கடலைப் புரதம், மீதிப் பேருக்கு 5 வயது வரை வேர்க்கடலையே கிடையாது. தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்துக்கு அலர்ஜி வந்தது, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம்தான். அந்தக் குழந்தைகளை 12 வயது வரை தொடர்ந்து பார்த்ததிலும் பலன் நிலைத்திருந்தது என்று 2024இல் சொன்னார்கள். முட்டையில் ஜப்பானியர்கள் இன்னொரு படி போனார்கள். எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு முதலில் தோலை மருந்தால் அடக்கிவிட்டு, 6 மாதத்திலிருந்து வேகவைத்த முட்டைப் பொடியை மிகச் சிறிய அளவில் கொடுத்தார்கள். ஒரு வயதில் முட்டை அலர்ஜி 8 சதவீதம், கொடுக்காதவர்களிடம் 38. தோலைச் சரிசெய்வதையும் வாய் வழியாகப் பழக்குவதையும் சேர்த்தே செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சரி, வீட்ல எப்படி ஆரம்பிக்கறது? பயமா இருக்கு.

கடுமையான எக்ஸிமா இருந்தாலோ, ஏற்கெனவே ஏதாவது உணவுக்கு உடனடியாக ரியாக்‌ஷன் வந்திருந்தாலோ வீட்டில் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். லீப் ஆய்விலேயே முதலில் குத்திப் பார்த்து, 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த குழந்தைகளைச் சேர்க்கவில்லை. டாக்டர் டெஸ்ட் எடுத்து, தேவைப்பட்டால் முதல் வாயை ஆஸ்பத்திரியில் வைத்தே கொடுக்கச் சொல்வார்.

லேசான எக்ஸிமா என்றால் குழந்தை கஞ்சி, மசித்த சாதம் சாப்பிடத் தொடங்கிய பிறகு, சளி காய்ச்சல் இல்லாத ஒரு நாளில், காலையில் ஆரம்பியுங்கள். வறுத்த வேர்க்கடலையை நைசாகப் பொடித்துக் கேழ்வரகுக் கூழிலோ இட்லியிலோ கலந்து ஸ்பூன் நுனி அளவு, பத்து நிமிடம் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம். முழுக் கடலை 5 வயது வரை கூடாது, தொண்டையில் சிக்கும். முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும், ஆஃப் பாயில் வேண்டாம். ஒத்துக்கொண்டது என்று தெரிந்த பிறகு நிறுத்திவிடாமல் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை கொடுங்கள். சுமார் 8 கிராம் வேர்க்கடலையில் 2 கிராம் புரதம் இருக்கும், வாரம் மூன்று தடவை என்றால் லீப் கணக்கு வந்துவிடும்.

பால் தினமும் குடிக்கிறான், ஒண்ணும் ஆகல. ஆனா டெஸ்ட்ல பாசிட்டிவ். நிறுத்திடட்டுமா?

நிறுத்தாதீர்கள். இந்த ஒரு பதிலையாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். குடித்துக்கொண்டிருப்பதாலேயே உடம்பு பாலைப் பொறுத்துக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் அந்தப் பழக்கம் போய்விடலாம், தோல் வழியாக மட்டும் பால் புரதம் உள்ளே போய்க்கொண்டிருக்கும், மாதங்கள் கழித்துத் திரும்பக் கொடுக்கும்போது பெரிய ரியாக்‌ஷனாக வரலாம். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எக்ஸிமாவுக்காக உணவை நிறுத்திய, அதற்கு முன் உடனடி ரியாக்‌ஷன் வந்திராத குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்குக் கிட்ட பிறகு உடனடி அலர்ஜி வந்தது. சத்துக் குறைவும் சேர்ந்துகொள்ளும். டாக்டர் ஒரு பரிசோதனையாக நிறுத்தச் சொன்னால் எத்தனை வாரம், எப்போது, எங்கே திரும்பக் கொடுப்பது என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

கத்திரிக்காய், கருவாடு எல்லாம் கரப்பான் பண்டமாச்சே? நான் பால் கொடுக்கறேன், பத்தியம் இருக்கணுமா?

பொதுவாக வேண்டாம். பால் கொடுக்கும் அம்மா பத்தியம் இருப்பதால் குழந்தைக்கு எக்ஸிமா வராமல் தடுக்க முடியும் என்று நிரூபணமாகவில்லை, ரசம் சாதத்திலேயே காலம் தள்ளி உடம்பு இளைத்த அம்மாக்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். நன்றாகச் சாப்பிடுங்கள். வளர்ந்த குழந்தைக்குக் கத்திரிக்காய் சாப்பிட்டால் வாய் அரிக்கிறது என்றால் அந்தக் குழந்தைக்கு மட்டும் அதை விடுங்கள், வீட்டு விதியாக்க வேண்டாம். தக்காளி, எலுமிச்சை வாயைச் சுற்றிப் பட்டுச் சிவப்பது பெரும்பாலும் எரிச்சல்தான், அலர்ஜி இல்லை. சாப்பிடும் முன் வாயைச் சுற்றி வாசலின் தடவினால் குறையும்.

பிறந்த நாள்ல இருந்தே க்ரீம் தடவினா எக்ஸிமாவே வராதாமே?

அப்படித்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பிரிட்டனில் 1394 குழந்தைகளை வைத்து பீப் என்ற ஆய்வு நடந்தது, 2020இல் முடிவு வந்தது. தினமும் ஒரு வருடம் தடவியும் எக்ஸிமா குறையவில்லை, தோல் தொற்று கொஞ்சம் கூடியது. வராமல் தடுக்க க்ரீம் உதவவில்லை, வந்த எக்ஸிமாவுக்கு க்ரீம் கட்டாயம் தேவை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஸ்டீராய்டு க்ரீம் எழுதியிருக்காங்க. தோல் மெலிஞ்சு போயிடும்னு நெட்ல படிச்சேன், போடவே இல்ல.

இப்படிப் போடாமல் விட்டு, மாதக்கணக்கில் தோல் திறந்தே கிடக்கும் குழந்தைகள்தான் அதிகம். சரியான வீரியம், சரியான இடம், சரியான நாள் என்று போட்டால் தோல் மெலியாது. முகத்துக்கு வீரியம் குறைந்தது, கை கால்களுக்கு வேறு. பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் அரை கிராம், அது பெரியவரின் விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். கடையில் நீங்களே கேட்டு வாங்கும், ஸ்டீராய்டோடு வேறு மருந்துகளும் சேர்ந்த கலப்புக் களிம்புகள்தான் உண்மையான ஆபத்து.

தோலைச் சீக்கிரம் அடக்கினால் அலர்ஜியும் குறையுமா என்று ஜப்பானில் பேசி என்ற ஆய்வில் பார்த்தார்கள், 2023இல் வெளியானது. தீவிரமாகச் சிகிச்சை எடுத்த கைக்குழந்தைகளிடம் முட்டை அலர்ஜி 31.4 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 41.9. ஆனால் தீவிரச் சிகிச்சையில் எடையும் உயரமும் கொஞ்சம் குறைந்தன. அதனால் பயந்து போடாமல் இருப்பதும் தப்பு, அளவில்லாமல் பூசுவதும் தப்பு.

தூசிக்கு பாசிட்டிவ்னு வந்திருக்கு, அதுக்கும் இதே கதைதானா?

வழி அதேதான், விளைவு வேறு. வீட்டுத் தூசிப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது, மெத்தை, தலையணை, பொம்மைகளில் இருக்கும், நம் ஊர்ப் புழுக்கம் அதற்கு மிகவும் பிடிக்கும். அதன் கழிவில் உள்ள ஒரு நொதி தோலின் காப்பைத் தானே அரிக்கக்கூடியது. எக்ஸிமா, அப்புறம் மூக்கொழுகல், வீசிங் என்று சில குழந்தைகளுக்கு வரிசையாக வருவதில் இதற்குப் பங்கு உண்டு. படுக்கை விரிப்பை வாரம் ஒரு தடவை 60 டிகிரி சூட்டு நீரில் துவையுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், மெத்தைக்கு இறுக்கமான உறை போடுங்கள். இதற்காக வீட்டையே மாற்ற வேண்டியதில்லை.

சாப்பிட்டதும் என்ன ஆனா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். வாயைச் சுற்றி நாலு தடிப்பு மட்டும் என்றால் உணவை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். குரல் கம்மினாலோ, தொடர்ந்து இருமினாலோ, மூச்சு இளைத்தாலோ, உடம்பு முழுக்கத் தடித்து வாந்தியும் சேர்ந்தாலோ, குழந்தை துவண்டு வெளிறினாலோ உடனே 108. படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வையுங்கள், தூக்கி நிறுத்தவோ நடக்க விடவோ கூடாது. அட்ரினலின் ஊசியைத் தொடையில் போடுவதுதான் உயிர் காக்கும். அலர்ஜி சிரப் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்காதீர்கள்.

முட்டை அலர்ஜி இருக்கு, தட்டம்மை ஊசி போடலாமா?

போடலாம். சில தட்டம்மை ஊசிகள் கோழிக் கரு செல்களில் தயாரானாலும் அவற்றில் முட்டைப் புரதம் கிட்டத்தட்ட இல்லை என்பதால், முட்டை அலர்ஜி உள்ள குழந்தைக்கும் தட்டம்மை ரூபெல்லா ஊசி பாதுகாப்பானது. மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அது வெளிநாடு போகும்போதுதான் தேவைப்படும்.

பெரியவனானா எல்லாம் போயிடுமா?

பால், முட்டை அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்துக்குள் போய்விடும். கேக் மாதிரி நன்றாகச் சுட்ட முட்டையை முதலில் பொறுத்துக்கொள்வார்கள், ஆம்லெட் அப்புறம். வேர்க்கடலை அலர்ஜி ஐந்தில் ஒருவருக்குத்தான் போகும். எக்ஸிமாவும் பலருக்கு வயதோடு குறையும், சிலருக்கு வறட்சியாவது மிஞ்சும். போய்விட்டதா என்று வீட்டில் ஒரு வாய் கொடுத்துப் பார்க்காதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள், டெஸ்டில் ஐஜிஇ அளவு குறைந்திருந்தால் அவர் ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்துப் பார்ப்பார். போகும்போது பழைய ரிப்போர்ட்டையும், எந்த உணவுக்கு எப்போது என்ன வந்தது என்று எழுதிய ஒரு தாளையும், வந்த தடிப்பின் போட்டோவையும் எடுத்துப் போங்கள்.